தமிழ்நாட்டில் 100 யூனிட் இலவச மின்சாரம்

வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரத்தைக் கட்டணமின்றி வழங்கும் ஆணையில், 2016 மே 23 அன்று பதவியேற்றவுடன் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா கையெழுத்திட்டார். ஏழை, செல்வந்தர் என்ற பாகுபாடு இதில் இல்லை. இதற்கான தொகையை அரசு மின்வாரியத்துக்கு மானியமாக வழங்கியது.

ஆனால் 500 யூனிட்டைத் தாண்டிய வீடுகளுக்கு நிலைமை வேறு. அப்போது 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,130 ரூபாயாக இருந்தது. ஒரு யூனிட் கூடினாலே ஏறத்தாழ 1,787 ரூபாய் ஆனது. கணக்கெடுப்பவர் நான்கு நாள் தாமதமாக வந்தாலே இந்த எல்லையைக் கடந்துவிடும் குடும்பங்கள் உண்டு. மாதந்தோறும் கணக்கெடுப்பு என்பது 2021இல் தி.மு.க.வின் தேர்தல் வாக்குறுதியானது.

2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தபோதும் 100 யூனிட் சலுகை நீடித்தது. 500 யூனிட்டுக்கு 1,725, 501க்கு 1,958 ரூபாய் என இடைவெளி சுருங்கியது. எல்லைக்கு உட்பட்டவர்களின் கட்டணம் அதிகமாக உயர்ந்ததே அதற்குக் காரணம்.