எவரெஸ்டுக்குச் சுமை கட்டியவர்கள்

1953 மார்ச்சில், டார்ஜிலிங்கிலிருந்து புறப்பட்ட இருபது ஷெர்பாக்கள் காட்மாண்டுவில் உள்ள பிரிட்டிஷ் தூதரகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எவரெஸ்ட் ஏற வந்திருந்த வெள்ளைக்காரர்களுக்கு மாளிகைக்குள் அறைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஷெர்பாக்களுக்குக் கிடைத்தது முன்பு குதிரை லாயமாக இருந்த கார் கொட்டகை. தரைதான் படுக்கை, கழிப்பறை கிடையாது. அவர்களின் தலைவரான சர்தார் டென்சிங் நோர்கே தன் ஆட்களைச் சமாதானப்படுத்தி எப்படியோ அந்த இரவை ஓட்டினார். காலையில் அவர்கள் கொட்டகைக்கு எதிரே சாலையோரம் போய் நின்று சிறுநீர் கழித்தார்கள். தூதரகத்தார் கொதித்துப்போனார்கள். ஷெர்பாக்களுக்கு அதைப் பற்றிப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங்கும் உச்சியை அடைந்த செய்தி உலகம் முழுக்கப் போனது. கொட்டகை விவகாரம் டென்சிங்கின் வாழ்க்கைக் கதையில் ஒரு ஓரத்தில் தங்கிவிட்டது. ஆனால் இமயமலைப் பயணங்களின் வரலாற்றைப் படிக்க அந்தக் கொட்டகையே நல்ல இடம். சுமையை யார் தூக்குவது, பணத்தை யார் போடுவது, ‘போதும், திரும்பு’ என்று யார் சொல்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் புறப்படும் முன்பே விடை வைத்திருந்தால்தான் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் ஆளை அனுப்ப முடியும். கடந்த நூறு ஆண்டுகளில் இந்த மூன்று பொறுப்புகளும் பல கை மாறியிருக்கின்றன.

ஷெர்பாக்களின் சொந்த ஊர் நேபாளத்தின் சோலுகும்பு. அங்கிருந்து பிழைப்புத் தேடி டார்ஜிலிங்குக்கு வந்தவர்கள் ரிக்‌ஷா இழுத்தார்கள், சாலை வேலை பார்த்தார்கள், மூட்டை சுமந்தார்கள். உயரமான மலைகளில் அவர்களுக்கு இருந்த திறமையை முதலில் கவனித்துச் சொன்னவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் கெல்லஸ். லண்டனில் மருத்துவ மாணவர்களுக்கு வேதியியல் கற்பித்த ஸ்காட்லாந்துக்காரர். 1907 முதல் சிக்கிம் மலைகளுக்கு வந்து, பெரும்பாலும் வேறு ஐரோப்பியத் துணையைத் தேடாமல் ஷெர்பாக்களோடு சிகரங்களை ஏறினார். உயரத்தில் மனித உடல் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றியும் எழுதினார். 1921-ல் முதல் எவரெஸ்ட் ஆய்வுக்குழுவில் சேர்ந்த அவர், திபெத்தின் கம்பா ஜோங்குக்குப் போகும் வழியிலேயே நோயுற்று இறந்தார்.

அப்போது நேபாளம் அந்நியர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. தலாய் லாமாவின் அனுமதியோடு திபெத் வழியாகத்தான் போக வேண்டும். டார்ஜிலிங்கிலிருந்து மலையடிவாரத்துக்கு ஏறத்தாழ ஐந்து வாரப் பயணம். லண்டனில் ராயல் புவியியல் சங்கமும் ஆல்பைன் கிளப்பும் சேர்ந்து அமைத்த எவரெஸ்ட் குழு ஆட்களைத் தேர்ந்தெடுத்தது, பணம் திரட்டியது, தலைவரை நியமித்தது. 1922-ல் அந்தத் தலைவர் கூர்க்கா படையில் பணியாற்றிய ஜெனரல் சார்லஸ் புரூஸ். ஏற்பாடெல்லாம் ராணுவ முறைதான்.

அந்த ஆண்டு ஜூன் 7. புதிதாகப் பெய்த பனி இறுகுமுன் வடக்குக் கணவாய்ச் சரிவில் ஏறிக்கொண்டிருந்த அணி பனிச்சரிவில் சிக்கியது. சுமைதூக்கிகள் ஏழு பேர் இறந்தார்கள். அணியில் இருந்த பிரிட்டிஷ்காரர்கள் மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். மூவரில் ஒருவர் அறுவை மருத்துவர் ஹோவார்ட் சோமர்வெல். எங்களில் ஒருவனாவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்ற எண்ணம் அவரை வெகுகாலம் அரித்தது. அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார்.

சோமர்வெல்லை நம் வாசகர்கள் சற்று நின்று பார்க்க வேண்டும். பயணம் முடிந்து தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். சமாளிக்க முடியாத நோயாளிக் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டு, லண்டன் வாழ்க்கையை உதறிவிட்டு அங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் அழைத்தபோது நெய்யூரிலிருந்துதான் புறப்பட்டார். அந்த ஜூன் 4 அன்று அவருடைய துணைவர் எட்வர்ட் நார்ட்டன் ஆக்சிஜன் இல்லாமல் 8,573 மீட்டரை எட்டினார். சற்றுக் கீழே நின்றுவிட்ட சோமர்வெல், இறங்கும் வழியில் தொண்டை அடைத்து மூச்சுத் திணறிச் சாகும் நிலைக்குப் போய் மீண்டார். நான்கு நாள் கழித்து அதே குழுவின் மல்லோரியும் இர்வினும் மேலே போய்த் திரும்பவில்லை. சோமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார்; பின்னாளில் வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் பணிபுரிந்தார்.

1924 பயணத்தின் பணக் கதை வேறொரு பாடம். படப்பிடிப்பாளர் ஜான் நோயல், பட உரிமைக்காக எட்டாயிரம் பவுண்ட் தர முன்வந்தார். குழுவுக்குப் பெரிய நிம்மதி. மலையில் வெற்றி கிடைக்காததால் படத்தை ஓட்டுவதற்கு வேறு கவர்ச்சி வேண்டியிருந்தது. திபெத்திய லாமாக்களை லண்டனுக்குக் கொண்டுவந்து, படத்துக்கு முன்னால் மேடையில் ஆட வைத்தார்கள். லாசா அரசு இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டது. அடுத்த பிரிட்டிஷ் குழு எவரெஸ்ட் பக்கம் போக 1933 ஆனது. விளம்பரத்துக்காக வாங்கிய பணம் அனுமதியையே தின்றுவிட்ட முதல் இமயமலைப் பயணம் இதுவாகத்தான் இருக்கும்.

இடைப்பட்ட காலத்தில் டார்ஜிலிங்கில் சத்தமில்லாமல் ஒரு அமைப்பு உருவாகிக்கொண்டிருந்தது. 1928-ல் தொடங்கிய இமாலயன் கிளப், ஷெர்பாக்களுக்குப் பதிவேடு வைத்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கையேடு. பயணம் முடிந்ததும் வெள்ளைக்கார சாகிப்புகள் அதில் நற்சான்று எழுதுவார்கள். சிறந்தவர்களுக்கு 1930-களின் இறுதியில் ‘டைகர்’ பட்டம் வந்தது. வேலை தேடுகிறவனுக்கு அந்தக் கையேடுதான் சொத்து. சாகிப் எப்படி நடந்துகொண்டார் என்று ஷெர்பா எழுதிவைக்க ஒரு பக்கம்கூட அதில் இருக்கவில்லை.

நேபாளம் கதவைத் திறந்தது 1949-50 வாக்கில். 1952 வசந்தத்தில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் தெற்குப் பக்கமாக ஏற, ரேமண்ட் லாம்பெர்ட்டும் டென்சிங்கும் 8,600 மீட்டரை நெருங்கித் திரும்பினார்கள். பிரிட்டனுக்குப் பதற்றம். மலையை நன்கு அறிந்த எரிக் ஷிப்டனை மாற்றிவிட்டு, கணக்காகத் திட்டமிடும் ராணுவ அதிகாரி ஜான் ஹண்ட்டைத் தலைவராக்கினார்கள். ஷிப்டனுக்கு அது அநியாயம். ஆனால் திட்டமிடல் என்ற அளவில் அது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

ஹண்ட்டின் கணக்கு மேலிருந்து கீழாக ஓடியது. கடைசி இரவு இரண்டு பேர் 8,500 மீட்டரில் தங்க வேண்டும். அவர்களுக்குக் கூடாரம், அடுப்பு, உணவு, ஆக்சிஜன் எவ்வளவு வேண்டும்? அதை 7,900 மீட்டரில் உள்ள தெற்குக் கணவாயிலிருந்து கொண்டுபோக எத்தனை ஆள்? அந்த ஆட்களைக் கணவாயில் தங்கவைக்க என்ன வேண்டும்? இப்படி ஒவ்வொரு படியாக இறங்கினால், உச்சியின் இரண்டு பேருக்காகக் காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து 362 சுமைதூக்கிகள் புறப்பட வேண்டியிருந்தது. உடலியலாளர் கிரிஃபித் பியூ நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன், நாளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று முன்கூட்டியே ஆராய்ந்து வைத்திருந்தார். தெங்போச்சே மடாலயத்தின் அருகே மூன்று வாரம் உடலை உயரத்துக்குப் பழக்கினார்கள். அகில இந்திய வானொலி அவர்களுக்காகத் தனி வானிலை அறிக்கை வாசித்தது.

இவ்வளவு கணக்கும் கடைசி நாளில் ஆட்டம் கண்டது. இறுதி முகாமுக்குச் சுமை தூக்க வேண்டிய ஷெர்பாக்கள் மூவரில் இருவர் நோயில் விழுந்தார்கள். ஆங் நிமா ஒருவர்தான் மிஞ்சினார். அவரோடு ஜார்ஜ் லோ, ஆல்ஃபிரட் கிரெகரி, ஹிலாரி, டென்சிங் ஆகியோரே சுமையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். உச்சிக்குப் போவதற்காகத் தெம்பைச் சேமிக்க வேண்டிய ஹிலாரி, முதல் நாள் இருபத்தெட்டு கிலோவுக்கு மேல் முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

அடுத்த இருபது முப்பது ஆண்டுகள் தேசக் கொடிகளின் காலம். 1963-ல் அமெரிக்கக் குழு தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட சுமைதூக்கிகளோடு கிளம்பியது. 1965-ல் எம்.எஸ். கோலி தலைமையில் இந்தியர்கள் ஒன்பது பேரை உச்சியில் ஏற்றினார்கள். அவர்களில் நவாங் கோம்பு, எவரெஸ்டை இரண்டு முறை ஏறிய முதல் மனிதர். 1970-ல் ஒரு ஜப்பானியர் எவரெஸ்டில் பனிச்சறுக்க வந்த பயணத்தில், அடிவார முகாமுக்கு மேலே உள்ள கும்பு பனியருவியில் ஆறு ஷெர்பாக்கள் இறந்தார்கள்.

தொழிலின் விதை இதற்கிடையில் வேறு இடத்தில் விழுந்தது. 1953, 1963 பயணங்களின் சுமைப் போக்குவரத்தில் கைதேர்ந்த முன்னாள் கூர்க்கா அதிகாரி ஜிம்மி ராபர்ட்ஸ், 1964-ல் காட்மாண்டுவில் ‘மவுண்டன் டிராவல்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பெரிய பயணங்களுக்குச் செய்த அதே ஏற்பாட்டை, அதாவது ஷெர்பா, சமையல்காரர், கூடாரம், சுமைக்காரர் எல்லாவற்றையும், மலை பார்க்க வரும் சாதாரணப் பயணிக்குக் காசுக்கு விற்பதுதான் யோசனை. மறு ஆண்டு வந்த முதல் வாடிக்கையாளர்கள் மூன்று அமெரிக்கப் பெண்மணிகள். அதே 1964-ல் ஹிலாரியின் முயற்சியில் லுக்லாவில் விமான ஓடுதளம் அமைந்தது. காட்மாண்டுவிலிருந்து நடக்க வேண்டிய வாரங்கள் அப்படியே கழிந்தன.

ஆனாலும் எவரெஸ்டை யாரும் விற்பனைக்கு வைக்கவில்லை. 1985 ஏப்ரல் 30 அன்று டிக் பாஸ் என்ற ஐம்பத்தைந்து வயது அமெரிக்கத் தொழிலதிபர், டேவிட் பிரீஷியர்ஸ் வழிகாட்ட உச்சியை அடைந்தார். ஏழு கண்டங்களின் உச்சிகளையும் தொட்ட முதல் மனிதர் அவர். மலையேற்றம் அவருக்குத் தொழில் அல்ல. பணமும் பிடிவாதமும் நல்ல வழிகாட்டியும் இருந்தால் போதும் என்று பலருக்கும் தோன்றியது. 1992-ல் நியூசிலாந்தின் ராப் ஹாலும் கேரி பாலும் கட்டண வாடிக்கையாளர்கள் ஆறு பேரை ஒரே நாளில் மேலே கொண்டுபோனார்கள். 1996-ல் ஹாலின் கட்டணம் தலைக்கு 65,000 டாலர்.

இங்கேதான் மூன்றாவது கேள்வி கழுத்தைப் பிடித்தது. ராணுவத் தலைவன் திரும்பு என்றால் திரும்புவார்கள். 65,000 டாலர் கொடுத்தவரிடம் அதைச் சொல்வது எப்படி? 1995-ல் ஹால் சொன்னார். உச்சிக்கு அருகே எல்லோரையும் திருப்பினார். அந்த ஆண்டு அவருடைய வாடிக்கையாளர் ஒருவர்கூட உச்சியைத் தொடவில்லை. 1996 மே 10 அன்று, முந்தைய ஆண்டு திருப்பி அனுப்பிய ஒருவர் மறுபடி வந்திருந்தார். கயிறு கட்டாத இடங்களில் நெரிசலும் தாமதமும். மதியத்தோடு திரும்பியிருக்க வேண்டும். அந்த வாடிக்கையாளர் உச்சியை எட்டும்போது மாலை நான்கு தாண்டிவிட்டது. புயல் வந்தது. ஹாலும், போட்டி நிறுவனத்தின் ஸ்காட் ஃபிஷரும் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். அதில் மூவர் வடக்குப் பக்கம் ஏறிய இந்தோ-திபெத் எல்லைப் படையினர்.

தொழில் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். நடந்தது தலைகீழ். செய்தி படித்தவர்கள் இன்னும் அதிகமாக வந்தார்கள்.

அதற்குள் பனியருவியில் ஏணியும் கயிறும் பதிக்கும் வேலை, குப்பை அகற்றவென்று 1991-ல் தொடங்கப்பட்ட சாகர்மாதா மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் வந்துசேர்ந்தது. அதைச் செய்கிறவர்களை ‘பனியருவி டாக்டர்கள்’ என்கிறார்கள். பனியருவி நகர்ந்துகொண்டே இருப்பதால் இவர்களுக்குப் பருவம் முழுக்க வைத்தியம் உண்டு. பயணி அந்தப் பாதையைச் சில முறை கடந்தால் போதும். அவருடைய கூடாரமும் சிலிண்டரும் போய்ச் சேர ஷெர்பா எத்தனையோ முறை கடக்க வேண்டும். 2014 ஏப்ரல் 18 காலை மேலிருந்து சரிந்த பனிக்கட்டி, அப்படிக் கடந்துகொண்டிருந்த நேபாளத் தொழிலாளர் பதினாறு பேரைக் கொன்றது. அரசு முதலில் அறிவித்த உதவி குடும்பத்துக்கு நாற்பதாயிரம் நேபாள ரூபாய். அடிவார முகாமில் ஷெர்பாக்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்தப் பருவமே தெற்குப் பக்கத்தில் கலைந்தது. அவர்களுடைய காப்பீட்டுத் தொகை பத்து லட்சத்திலிருந்து பதினைந்து லட்சமானது.

கை மாறியது அதன் பிறகு வேகம் பிடித்தது. இன்று எவரெஸ்ட் பயணங்களில் பெரும்பங்கை நடத்துவது காட்மாண்டுவின் நேபாள நிறுவனங்கள். கையேட்டில் நற்சான்றுக்குக் காத்திருந்தவர்களின் வழிவந்தவர்கள் இப்போது அனுமதி எடுக்கிறார்கள், விலை பேசுகிறார்கள், தலைவர்களை நியமிக்கிறார்கள். மேற்கத்திய நிறுவனங்களைவிடக் குறைவாகக் கேட்டதால் கூட்டமும் பெருகியது. 2019 மே மாதம் நிர்மல் புர்ஜா எடுத்த வரிசைப் படம், மலைமுகட்டில் ரேஷன் கடை திறந்துவிட்டதோ என்று கேட்க வைத்தது.

திட்டத்தின் எலும்புக்கூடு இன்னும் ஹண்ட்டுடையதுதான். மே நடுவில் மேல்வானத்துப் பெருங்காற்று விலகும் சில நாட்களே வாய்ப்பு. அங்கிருந்து நாட்களைப் பின்னோக்கி எண்ணுகிறார்கள். ஏப்ரலில் லுக்லா, எட்டு ஒன்பது நாள் நடை, 5,364 மீட்டரில் அடிவார முகாம். லாமா வந்து பூஜை முடித்த பிறகுதான் பனியருவிக்குள் கால்வைப்பு. பனியருவியைக் கடக்கும் தடவையைக் குறைக்க, சில குழுக்கள் பக்கத்தில் உள்ள லோபுச்சே கிழக்குச் சிகரத்தில் உடலைப் பழக்குகின்றன. வேறு சிலர் வீட்டிலேயே காற்று மெலிந்த கூடாரத்தில் உறங்கிவிட்டு வருகிறார்கள். 2025 மேயில் நான்கு பிரிட்டிஷ்காரர்கள் செனான் வாயுவையும் முகர்ந்து, லண்டனிலிருந்து கிளம்பிய ஐந்தாம் நாள் உச்சியில் நின்றார்கள். கெல்லஸ் இருந்திருந்தால் ஆர்வமாகக் குறிப்பெடுத்திருப்பார். அவர்களுக்கான ஆக்சிஜன் சிலிண்டர்கள் வழக்கம்போல ஷெர்பாக்களின் முதுகில்தான் மேலே போயின.

அதே 2025-ல் நேபாள அரசு விதிகளைத் திருத்தியது. வசந்தகால அனுமதிக் கட்டணம் தலைக்கு 11,000 டாலரிலிருந்து 15,000 ஆனது. அனுமதி 75 நாளிலிருந்து 55 நாளாகச் சுருங்கியது. எட்டாயிரம் மீட்டர் சிகரங்களில் இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி கட்டாயம். உயர்மலை வழிகாட்டிகளின் ஆயுள் காப்பீடு இருபது லட்சம் நேபாள ரூபாய்க்கு உயர்ந்தது. டாலரில் மாற்றினால் ஒரு பயணியின் அனுமதிக் கட்டணத்துக்குச் சற்றுக் குறைவு.