குரும்பை ஏந்திய கரை

அரபு மொழியில் விருந்தினருக்கு 'ளைஃப்' என்று பெயர். ஒன்றை நோக்கிச் சாய்தல், திரும்புதல் என்பது அதன் வேர்ப்பொருள். தன் வழியே போய்க்கொண்டிருந்தவன் நம் வாயிலை நோக்கித் திரும்பினான். ஆகவே அவன் ளைஃப். தமிழிலோ விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாய் வந்தவனே விருந்து. ஒரு மொழி வந்தவனின் நடையைப் பார்த்துப் பெயரிட்டது. மற்றொரு மொழி அவனைக் கண்ட வீட்டாரின் உள்ளத்தைப் பார்த்துப் பெயரிட்டது. இவ்விரு சொற்களையும் நெஞ்சில் இருத்திக்கொண்டு, இன்று உலகத்தார் விடுமுறைக்கென விரும்பிச் செல்லும் ஒரு கடற்கரையின் வரலாற்றை நோக்குவோம்.

மாலத்தீவையே நாம் குறிப்பிடுகிறோம். அதன் வெண்மணலையும் பளிங்கு நீரையும், நீரின்மேல் கால் ஊன்றி நிற்கும் குடில்களையும் படத்திலேனும் காணாதார் இன்று அரியர். நீந்துதல், முகக்கண்ணாடி அணிந்து பவளப் பாறைகளின் மீன்களைப் பார்த்தல், அந்தி வேளையில் தோணியேறித் தூண்டில் போடுதல், கடல் நடுவே தலைகாட்டும் மணல்திட்டில் அமர்ந்து உண்ணுதல் என அங்கே பொழுது இனிதே கழிகிறது. நம்மவரிலும் புதுமணத் தம்பதியர் பலர் சென்று வருகின்றனர். ஆயின், அந்தப் படங்களில் ஒன்று மட்டும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அந்தக் கரைக்கு உரிய மக்களே அவர்கள். ஆளரவமற்றிருப்பதே அக்கரையின் அழகு என்று விளம்பரம் சொல்லுகிறது. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

ஏறத்தாழ 1,190 சிறு தீவுகள் வளையம் வளையமாக இந்துமாக்கடலில் கிடக்கின்றன. பவளத்தீவு வளையத்தை ஆங்கிலத்தார் 'அட்டோல்' என்பர். அச்சொல்லே மாலத்தீவினரின் திவெஹி மொழியில் வழங்கும் 'அதொளு' என்பதிலிருந்து பெறப்பட்டதாகும். மக்கள் வாழும் தீவுகள் இருநூறுக்கு உட்பட்டவை. கடல் மட்டத்திற்கு மேல் இரண்டரை மீட்டர் உயர்ந்த இயற்கை நிலம் அங்கே இல்லை எனலாம். மணலும் மலையிலிருந்து ஆறு கொணர்ந்த மணலன்று. பவளத்தைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்கள் கழித்த துகளும், சிப்பிகளும் கடற்பாசிகளும் உதிர்ந்த துகளும் சேர்ந்தே அந்த வெண்மணலாயின. தென்மேற்குக் காற்றில் ஒரு பக்கமும் வடகிழக்குக் காற்றில் மறுபக்கமுமாக அம்மணல் தீவைச் சுற்றி நகர்ந்துகொண்டேயிருக்கும். சுருங்கச் சொன்னால், அந்தக் கரை ஓர் உயிருள்ள பொருள்.

இதனைப் பேரறிஞர் அல்பீரூனி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குறித்துள்ளார் என்பது வியப்புக்குரியது. ஏறக்குறைய 1030ஆம் ஆண்டில் முடித்த தமது இந்திய நூலில் இத்தீவுகளைப் பற்றிப் பேசும் அவர், மணல்மேடு ஒன்று கடலினின்று மெல்ல எழுந்து பரந்து உறுதிபெற்றுத் தீவாகிறது என்றும், அதே காலத்தில் மற்றொரு தீவு தேய்ந்து கடலில் கரைகிறது என்றும் எழுதுகிறார். தம் தீவு தேய்வதை உணர்ந்த மக்கள், வளரும் தீவொன்றைத் தேடித் தென்னையையும் தானியத்தையும் வீட்டுப் பொருள்களையும் ஏற்றிக்கொண்டு குடிபெயர்வராம். அத்தீவுகளை அவர் இருவகையாகப் பிரித்துப் பெயர் கூறுகிறார். ஒன்று சோழித் தீவுகள். மற்றொன்று கயிற்றுத் தீவுகள். அழகை வைத்தன்று, உழைப்பை வைத்தே அவை பெயர் பெற்றிருந்தன.

அந்த உழைப்பின் களம் கடற்கரையே. ஹிஜ்ரி 237இல், அதாவது 851இல், தொகுக்கப்பெற்றதும் வணிகர் சுலைமானின் பெயரால் வழங்குவதுமான அரபுக் குறிப்பேடு, தென்னங்கீற்றை நீரில் இட்டு அதில் பற்றிக்கொள்ளும் சோழிகளை மக்கள் திரட்டியதைச் சொல்லுகிறது. திரட்டியவற்றைக் கரையில் குழி தோண்டி இடுவர். சதை அழிந்து வெள்ளோடு மட்டும் எஞ்சும். தென்னமட்டைகளை ஆழமற்ற கரைநீரில் ஊறவைத்துப் பெண்கள் கட்டையால் அடித்து நாராக்கிக் கயிறு திரிப்பர். இரும்பாணி இல்லாமல் பலகைகளைத் தைத்துக் கட்டிய அக்காலக் கப்பல்களுக்கு அந்தக் கயிறே உயிர்நாடி. பாறையில் மோதினாலும் தைத்த கப்பல் நெகிழ்ந்து கொடுக்கும். ஆணியடித்த கப்பல் உடையும். பிடித்த சூரை மீனை அவித்துப் புகையிட்டு உலர்த்திய மாசியும் அவ்வாறே கரையேறிய செல்வம். காயல்பட்டினத்துச் சமையலறையிலும் இலங்கையின் சம்பலிலும் இன்றும் அந்த மாசி மணக்கிறது.

1153இல், ஹிஜ்ரி 548இல், பௌத்தராயிருந்த அரசர் இஸ்லாத்தைத் தழுவ, நாடே அவரைப் பின்பற்றியது. அதற்குக் காரணராகக் கூறப்படும் அபுல் பரக்காத் யூசுஃப் அவர்களும் கடல்வழி வந்த விருந்தினரே. அந்நாட்டில் இஸ்லாம் படையோடு இறங்கவில்லை, விருந்தாக இறங்கியது.

அதன் பின் இருநூறு ஆண்டுகள் கழித்து, 1343ஆம் ஆண்டளவில் மொராக்கோ நாட்டு இப்னு பதூதா அங்கே போய்ச் சேர்ந்தார். அந்நாளில் அரசோச்சியவர் கதீஜா என்னும் பெண்ணரசி. இப்னு பதூதா தம் பயண நூலில் வரைந்து காட்டும் வரவேற்பு நம் கட்டுரைக்கு உயிரானது. கப்பல் ஒன்று வந்ததும் தீவினர் சிறு தோணிகளில் எதிர்சென்று வெற்றிலையும் இளந்தேங்காயும் ஏந்தி நிற்பர். கப்பலில் வந்தவருள் தாம் விரும்பிய ஒருவரிடம் அதனைக் கொடுப்பர். பெற்றுக்கொண்டவர் அந்த நிமிடமே கொடுத்தவரின் விருந்தினராவார். அவருடைய சரக்குகளைத் தம் உறவினர் பொருள்போல் சுமந்து, தம் வீட்டிற்கே அழைத்துச் செல்வர். வீட்டு வாயிலில் நீர்ச்சாடியும் அகப்பையும் இருக்கும். மணலில் வெறுங்காலோடு நடந்து வந்தவர் கால் கழுவித் துடைத்த பின்னரே உள்ளே செல்வார். பள்ளிவாயிலுக்கும் அதே முறைதான்.

அந்த இளந்தேங்காய்க்கு அவர் எழுதிய பெயர் 'கரன்பா'. திவெஹி மொழியில் இன்றும் அது 'குரும்பா'. தென்னை, பனை ஆகியவற்றின் பிஞ்சைத் தமிழில் நாம் குரும்பை என்போம். ஒரே கடலின் நீரைக் குடித்த சொற்கள் இவை!

வந்தவரின் கல்வியறிந்து அவரையே காழியாக்கினர். அவர் ஜும்ஆவுக்கு வராதோரைத் தண்டித்தார். ஊதியம் பெறும் இமாம்களைத் தம் பணியில் தவறாதிருக்கச் செய்தார். அவ்வூர்ப் பெண்கள் இடைக்கு மேல் ஆடையின்றி நடமாடுவதை மாற்ற முயன்றார். தம் நீதிமன்றத்திற்குள் வருவோரைத் தவிர வேறெவரையும் மாற்ற முடியவில்லை என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியுள்ளார். விருந்தினர் ஊராரிடம் ஆடையை வற்புறுத்திய அந்தக் காட்சியை வாசகர் நினைவில் கொள்க.

பின்னர் அமைச்சரோடு பிணக்கு நேர்ந்தது. இப்னு பதூதா 1344இல் புறப்பட்டு இலங்கை சென்று, அங்கிருந்து நம் மஃபர் கரைக்கு வந்தார். மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீனிடம் அவர் கொண்டுவந்த செய்தி என்ன? தமக்குக் குரும்பை தந்த தீவுகளின்மேல் படையெடுக்கும் யோசனை! கப்பல்கள் கடலேறச் சில திங்கள் பொறுக்க வேண்டியிருந்தது. அதற்குள் சுல்தான் இறந்துபோனார். திட்டமும் நிறைவேறவில்லை. பிற்பாடு அவர் அத்தீவுகளுக்கு மீண்டும் சென்று, அங்கே பிறந்த தம் சிறு மகனைக் கண்டு, அவனை அம்மக்களிடமே விட்டுத் திரும்பினார். பகைத்துச் சென்ற விருந்தினருக்கும் அந்தக் கரை மூடப்படவில்லை. அந்த மாமேதையின் புகழுக்கு ஊறு தேட நாம் இதனைச் சொல்லவில்லை. விருந்தோம்பலில் தவறக்கூடியவர் வீட்டார் மட்டும் அல்லர், விருந்தினருமே என்பதற்கு அவர் எழுத்தே சான்று என்கிறோம்.

அவர் தரும் கணக்கொன்றும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மாலத்தீவில் ஒரு பொன் தீனாருக்கு நான்கு இலட்சம் சோழிகள். விலை மலிந்தால் பத்து இலட்சத்திற்கு மேலும் கிடைக்கும். அதே சோழி ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் தீனாருக்கு 1,150 என விற்கக் கண்டார். குனிந்து பொறுக்கியவர் கைக்கு வந்தது எவ்வளவு, கடல் கடந்து விற்றவர் கைக்குச் சேர்ந்தது எவ்வளவு என்பதை வாசகரே கணித்துக் கொள்ளலாம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்தச் சோழிகளையே மூட்டை மூட்டையாய் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றிச் சென்று மனிதரை விலைக்கு வாங்கினர். மணலில் கிடந்த வெள்ளோடு அடிமைச் சந்தையின் நாணயமாயிற்று. கரையில் குனிந்து பொறுக்கிய பெண் அதனை அறிந்திருக்க வழியில்லை.

1965இல் நாடு ஆங்கிலேயர் பாதுகாப்பினின்று விடுதலை பெற்றது. 1970களின் தொடக்கத்தில் இலங்கை மாசி இறக்குமதியைச் சுருக்கவே, பிழைப்பின் முதல் தூண் ஆட்டங்கண்டது. அச்சமயத்தில்தான், 1972 அக்டோபரில், தலைநகர் மாலேக்கு அருகே ஆளில்லாத் தீவு ஒன்றில் முதல் சுற்றுலா விடுதி திறக்கப்பெற்றது. அதன் பெயர் குரும்பா! அறுநூறு ஆண்டுகளுக்கு முன் தோணியில் ஏந்தி நின்ற அதே இளந்தேங்காய்.

பெயர் பழையது; முறை புதியது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்று வகுத்தனர். விருந்தினர் ஒரு தீவில். ஊரார் மற்றொரு தீவில். மது முதலியன ஊருக்குள் நுழையாமல் தடுக்க எழுந்த ஏற்பாடு அது. மார்க்கப் பண்பைக் காத்ததில் அதற்குப் பங்குண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. மருத்துவமனைகளும் பள்ளிக்கூடங்களும் அந்த வருவாயால் எழுந்தன. ஆயின், விலையும் இருந்தது. வீட்டுத் தலைவர்கள் மாதக்கணக்கில் மனைவி மக்களைப் பிரிந்து விடுதித் தீவில் வேலை பார்த்தனர். விருந்தினர் தம்மை யார் வரவேற்கிறார் என்று அறியாமலே வந்து திரும்பினர். குரும்பை இருந்தது, அதனை ஏந்திய கையின் வீடு மறைந்தது.

2009ஆம் ஆண்டுக்குப் பின், மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த இசைவு கிடைத்தது. மாஃபுஷி போன்ற ஊர்களில் சிறு குடும்பங்களும் அறைகளை வாடகைக்கு விட்டு வாழத் தொடங்கின. விருந்தினர் மீண்டும் ஊருக்குள் வந்தனர். பாங்கோசை கேட்கும் ஊர் அது, மது விற்கப்படுவதில்லை. நீச்சலுடையில் குளிக்க விரும்புவோர்க்குக் கரையில் தனிப் பகுதி ஒதுக்கி மறைப்புக் கட்டியுள்ளனர். தெருவில் தோளும் தொடையும் மறைய உடுத்துமாறு கேட்டுக்கொள்கின்றனர். அன்று விருந்தினர் ஊராரிடம் ஆடையை வற்புறுத்தினார். இன்று ஊரார் விருந்தினரிடம் ஆடையை வேண்டுகின்றனர். காலம் தட்டை இவ்வாறு திருப்பிப் பிடித்தது!

இந்த ஏற்பாடு குறையற்றதென்று நாம் கூறோம். கரையின் நல்ல பகுதி வந்தவர்க்கு ஒதுங்கினால், ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் மாலையில் கால் நனைக்கும் இடம் எது என்னும் வினா எழத்தான் செய்யும். சுமார் ஐந்து இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டிற்கு 2024இல் வந்த பயணிகள் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஒரு வீட்டாருக்கு நான்கு விருந்தினர் என்பது போன்ற கணக்கு இது.

அதனினும் பெரிய வினா மணலைப் பற்றியது. 1987 ஏப்ரலில் பேரலைகள் மாலேக்குள் புகுந்தன. பின்னர் ஜப்பானின் உதவியோடு கற்கட்டைகளால் நகரைச் சுற்றி அலைத்தடுப்பு எழுந்தது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை எண்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கந்தொளுதூ என்னும் தீவின் மக்கள் ஊரையே கைவிட்டு, சில ஆண்டுகளுக்குப் பின் துவாஃபரு என்னும் மற்றொரு தீவில் குடியமர்ந்தனர். அல்பீரூனி எழுதிய அதே குடிபெயர்ச்சி! ஆனால் ஒரு வேறுபாடுண்டு. அவர் காலத்தில் ஒரு தீவு தேய மற்றொன்று வளர்ந்தது. இன்று கடல்மட்டம் எங்கும் உயர்கிறது. பவளம் செத்தால் கிளிமீன் இல்லை; கிளிமீன் இல்லையேல் மணல் பிறப்பும் குன்றும். நிலம் பெருக்கக் கடலடி மணலைத் தோண்டி வாருங்கால் அந்தச் சேறு படிந்தும் பவளம் மூச்சுத் திணறுகிறது. நீரில் இறங்கி மகிழ்பவர் காலூன்றி மிதிக்கும் பவளமும் அந்தக் கணக்கிலேயே சேரும்.

விருந்துக்கு அளவு வகுத்த மார்க்கம் நம்முடையது. விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு இணைத்துக் கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், விருந்து மூன்று நாள் என்றும், வீட்டாரை இடருக்குள்ளாக்கும் அளவுக்கு விருந்தினர் தங்குவது ஆகாது என்றும் அறிவுறுத்தினார்கள். முதல் பாதியை நாம் மேடைதோறும் பேசுகிறோம். இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறோம். விடுதிக் கட்டணம் செலுத்தியதால் அந்த இரண்டாம் பாதி தீர்ந்துவிடுவதில்லை. காசு அறைக்குக் கொடுக்கப்படுகிறது, கரைக்கு அன்று. கரை இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கும் உரியது.

செல்ல வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பூமியில் சுற்றி வந்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்கச் சொன்னது நம் வேதம். செல்வோர் ளைஃபாகச் செல்க. பவளத்தை மிதியாமலும், சோழியைப் பையிலிட்டு வாராமலும், ஊரார் தொழுகை வேளையை மதித்தும் நடந்துகொள்க. 1658இல் பவளக் கல்லில் எழுந்த மாலே ஜும்ஆப் பள்ளியின் வாயிலில் நின்று, இந்தக் கல்லும் ஒரு நாள் கடலில் உயிரோடிருந்தது என ஒரு கணம் எண்ணிப் பார்க்க. மணல் ஒட்டிய காலைக் கழுவிக்கொண்டு வீட்டினுள் நுழைவது அந்நாட்டின் பழம்பண்பு. அந்நாட்டினுள் நுழையும் நமக்கும் அப்பண்பே வேண்டும்.

குரும்பையை நீட்டும் கை இன்னும் அங்கே இருக்கிறது. அதனைப் பெறும் கை எத்தகையது என்பதே வினா.