ஊதியம்
ஊதியம் என்றால் இன்று சம்பளம். பழைய பொருள் அகலமானது: ஆதாயம், பயன். திருக்குறளின் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் அது முதலால் வரும் வணிக இலாபம். ‘புகழ்’ அதிகாரத்திலோ கொடுத்துப் புகழோடு வாழ்வதால் உயிர் அடையும் பேறு. மாதப் பணமாக அச்சொல் சுருங்கியதன் பாரம் முதியவர்மேல்தான் விழுகிறது. தமிழக அரசு ஊழியர் 60 வயதில் பணி நிறைவு பெற்ற மறுநாளே ‘சும்மா இருப்பவர்’ ஆகிவிடுகிறார். பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் அவருடைய மாலைப்பொழுது யார் கணக்கிலும் ஏறுவதில்லை. இது பெரும் அநீதி. பென்ஷனுக்கு அமைந்த ‘ஓய்வூதியம்’ அருமையான ஆக்கம். ஊதியத்தின் பழம்பொருளோடு படித்தால் ஓய்வு தரும் பயன் என்றும் அது விரியும். அந்தப் பயனைக் கருதினால், மனிதரை ‘ப்ரொடக்டிவ்’ என்று சொல்ல நேரும் இடத்தில் ‘பயனுள்ளவர்’ போதும். ‘உற்பத்தித்திறன்’ ஆலைக்குரிய அளவை.