ஹவாயில் முறிந்த சக்கரம்

அமெலியா இயர்ஹார்ட் 1937 ஜூலை 2 அன்று பசிபிக் கடல்மேல் காணாமல் போனது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மூன்றரை மாதம் முன்பு ஹவாயில் நடந்த விபத்து பலருக்குத் தெரியாது.

மார்ச் 20. உலகைச் சுற்றும் பயணத்தின் இரண்டாம் கட்டம். பேர்ல் ஹார்பரின் லூக் ஃபீல்டில், எரிபொருள் நிரப்பிய அவரது லாக்ஹீட் எலெக்ட்ரா மேலெழும்பும் முன்பே பக்கவாட்டில் சுழன்றது. லேண்டிங் கியர் முறிந்து, விமானம் வயிற்றைத் தரையில் தேய்த்தபடி சறுக்கி நின்றது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. உள்ளே இருந்த மூவரும் தப்பினார்கள். டயர் வெடித்ததா, விமானியின் தவறா? இன்றுவரை விவாதம்தான்!

விமானத்தைக் கப்பலில் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்தார்கள். அதற்குள் பருவநிலை மாறிவிட்டதால், மேற்கு நோக்கிய பயணம் கிழக்கு நோக்கித் திரும்பியது. ரேடியோவில் தேர்ந்த ஹாரி மேனிங்கும் விலகிக்கொண்டார்.

விளைவு என்ன? பழைய திட்டப்படி ஹவாயை அடுத்து வரவேண்டிய குட்டித்தீவு ஹௌலாண்ட், பயணத்தின் கடைசிப் பகுதிக்குப் போய்விட்டது. லே நகரிலிருந்து சுமார் 4,100 கி.மீ. களைத்துப்போய் அதைத் தேடியபோது உடன் இருந்தவர் ஃபிரெட் நூனன் மட்டுமே. தீவருகே காத்திருந்த இட்டாஸ்கா கப்பலுக்கு அமெலியாவின் குரல் கேட்டது. கப்பல் பேசியது அவருக்குக் கேட்கவில்லை.

மேனிங் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சக்கரம் முறியாமல் இருந்திருந்தால், ஹௌலாண்டைத் தேடும்போது ரேடியோ தெரிந்த ஒருவர் கூடவே இருந்திருப்பார்.