ஹோஸ்ட் மாறிய மெய்நிகர் இயந்திரத்தின் வலையிணைப்புக் கோளாறு

ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமலே வேறொரு ஹோஸ்ட்டுக்கு மாற்றும் விமோஷன் வசதியை விஎம்வேர் 2003இல் கொண்டுவந்தது. இன்று தரவு மையங்களில் அது அன்றாட வேலை. மாற்றிய பிறகு இயந்திரம் ஓடுகிறது, கன்சோலில் நுழையவும் முடிகிறது, பிங் மட்டும் போகவில்லை என்பது அடிக்கடி கேட்கும் புகார். உடனே பலரும் இயந்திரத்துக்குள் புகுந்து ஐபி அமைப்பையும் ஃபயர்வாலையும் கிளறுகிறார்கள். இது வீண் வேலை. நேரலை மாற்றத்தில் நினைவகம் அப்படியே போகிறது. ஐபி, மேக் முகவரிகள் மாறுவதில்லை. மாறியது வெளியே உள்ள பாதை. தேடலும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

எந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று சுவிட்ச் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. புதுப்பிக்கப்படாத பதிவு வழக்கமாக 300 விநாடியில் அழியும். அதுவரை பழைய ஹோஸ்ட்டுக்கே பொட்டலங்கள் போகும். இதைத் தவிர்க்கத்தான் ஈஎஸ்எக்ஸ்ஐ, கியூஎமு போன்ற ஹைப்பர்வைசர்கள் புதிய ஹோஸ்ட்டிலிருந்து, இயந்திரத்தின் பெயரில், ஆர்ஏஆர்பி அறிவிப்பை அனுப்புகின்றன. அப்படியானால் கோளாறு வரக்கூடாதே என்று கேட்கலாம். புதிய ஹோஸ்ட்டின் சுவிட்ச் போர்ட்டில் அந்த விலான் அனுமதிக்கப்படவில்லை என்றால் அறிவிப்பு அங்கேயே விழுந்துவிடும். போர்ட் செக்யூரிட்டி இருந்தால், ஒரு போர்ட்டுக்கு உரிய மேக் இன்னொன்றில் தோன்றுவதை அது விதிமீறலாகவே எடுத்துக்கொள்ளும். அட்டவணை பழையதாக இருப்பதையும் விலான் தடைபட்டிருப்பதையும் பிரித்தறிவது எளிது. உள்ளிருந்து ஒரு பிங் வெளியே போனதும் சரியானால் அட்டவணைதான் பழையதாக இருந்தது. எவ்வளவு காத்திருந்தும் சரியாகவில்லை, ஆனால் அதே ஹோஸ்ட்டில் அதே விலானில் உள்ள இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன என்றால் விலானைச் சந்தேகிக்கலாம். புதிய ஹோஸ்ட்டின் வலை அட்டையில் பொட்டலங்களைப் பிடித்துப் பார்த்தால், ஏஆர்பி கேள்விகள் வரிசையாக வெளியேறுவதும் ஒரு பதிலும் திரும்பாததும் கண்ணில் படும்.

ரீபூட் செய்தால் சரியாகிறதே, ஆகவே கோளாறு உள்ளேதான் என்பார்கள். ரீபூட்டின்போது இயந்திரம் டிஹெச்சிபி, ஏஆர்பி ஒளிபரப்புகளை அனுப்புகிறது. அதைக் கேட்டு சுவிட்ச் புதிய போர்ட்டைக் கற்றுக்கொள்கிறது. ரீபூட் குணமாக்குவதோடு தடயத்தையும் அழித்துவிடுகிறது. உண்மையிலேயே உள்ளே கோளாறு வரும் சூழல் ஒன்று உண்டு: இயந்திரத்தை நிறுத்தி, நகலெடுத்து, வேறொரு ஹைப்பர்வைசரில் ஏற்றும்போது புதிய மேக் ஒதுக்கப்படலாம். பழைய லினக்ஸில் அப்போது ஈத்0 பழைய மேக்கோடு நின்றுவிட, புதிய அட்டை ஈத்1 ஆகிவிடும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மேக்கை ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும். மேக் மாறவில்லை, பழைய ஹோஸ்ட்டுக்குத் திருப்பினால் இணைப்பு வருகிறது என்றால், இயந்திரத்தை விட்டுவிட்டு இரண்டு ஹோஸ்ட்களின் போர்ட்டுகளிலும் உள்ள விலான் பட்டியலை ஒப்பிடுங்கள்.