தாய்வீட்டில் பிறந்த பிள்ளைக்கு எந்த நாடு?

அச்சரப்பாக்கத்தைத் தாண்டித் தெற்கே போகிற ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் வந்ததும் இடப்பக்கம் திரும்பினால் புதுச்சேரி. காலையில் கிளம்பினால் வேலையை முடித்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். 1954 நவம்பர் 1 வரை அந்த வழியின் கடைசிப் பகுதி வேறொரு நாட்டில் இருந்தது. பிரெஞ்சு நிலம் ஒரே துண்டாகவும் இல்லை. தென்னார்க்காட்டுக் கிராமங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாகச் சிதறிக் கிடந்தது. ஒரு வயலைக் கடந்தால் பிரான்ஸ், அடுத்ததைக் கடந்தால் சென்னை மாகாணம்.

எல்லைக்கோடு பார்த்து யாரும் சம்பந்தம் பேசவில்லை. செங்கல்பட்டு, தென்னார்க்காட்டுப் பெண்கள் புதுச்சேரிக்கு வாழப் போனார்கள். அங்குள்ள பெண்கள் இங்கே வந்தார்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். அதனால் பிரெஞ்சுக் குடிமகனின் தலைப்பிள்ளை பலமுறை பிரெஞ்சு மண்ணுக்கு வெளியேதான் பிறந்தது. அப்போது அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொள்ளுப்பேரன் காலம்வரை நீளப்போகிற வழக்கு அதில் இருக்கிறது என்பது 1962இல்தான் தெரிந்தது.

புதுச்சேரி நிர்வாகம் 1954இல் இந்தியாவிடம் வந்துவிட்டாலும், சட்டப்படியான கைமாற்றத்துக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுப் பகுதியில் பிறந்து, அன்றைய தேதியில் அங்கேயோ இந்தியாவின் வேறு பகுதியிலோ குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கும் விதி இருந்தது. பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளையின் நாட்டைத் தந்தையின் முடிவு தீர்மானிக்கும். அவர் இறந்திருந்தால் தாய். இருவரும் இல்லையென்றால் காப்பாளர். பதினாறு வயதைத் தாண்டி மணமான ஆண்பிள்ளைகள் தாங்களே முடிவு செய்யலாம். கணவன் உயிரோடு இருக்கும்வரை தாயின் எழுத்துக்கு மதிப்பு இல்லை.

ஆறு மாதம் கரைந்தது. எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். அந்தத் தாள் என்ன மதிப்புப் பெறும் என்று அப்போது கணக்குப் போட்டவர்கள் குறைவு.

அதே ஒப்பந்தம் அண்ணன் தம்பிகளையும் பிரித்துவைத்தது. பிரெஞ்சுப் படையிலும் அரசுப் பணியிலும் சேர்ந்து சைகோனுக்கும் பிற குடியேற்ற நாடுகளுக்கும் போன புதுச்சேரிக்காரர்கள் ஏராளம். ஓய்வுபெற்றுத் திரும்பிய படைவீரரை ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர் எதுவும் எழுதிக் கொடுக்காமலேயே பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார். ஊரில் தங்கி நிலத்தைப் பார்த்துக்கொண்ட தம்பி இந்தியரானார். வியட்நாமியப் பெண்ணை மணந்த அண்ணனின் பிள்ளைகள் புதுச்சேரி வீட்டுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட்டுடன் வந்து இறங்கினார்கள். அதே வீட்டில் பிறந்து வளர்ந்த சித்தப்பா பிள்ளைகள் பிரான்ஸுக்குப் போக விசாவுக்கு விண்ணப்பித்தார்கள்.

தாய்வீட்டுப் பிரசவம் இந்த இடத்தில்தான் குறுக்கே வந்தது. ஒப்பந்தம் குடியுரிமையை மாற்றியது பிரெஞ்சுப் பகுதியில் ‘பிறந்தவர்களுக்கு’. கடலூரிலோ செங்கல்பட்டுப் பக்கமோ பிறந்து, 1962இல் வயதுவந்தவராக இருந்தவர் அந்த வரிக்குள் அடங்குவாரா? இந்தக் கேள்வியையும், தந்தை எழுதிக் கொடுத்த தாளில் பிள்ளையின் பெயர் இருந்ததா என்ற கேள்வியையும் சுமந்துகொண்டு பேரப்பிள்ளைகள் பிரெஞ்சு நீதிமன்றப் படியேறினார்கள். புதுச்சேரிக்காரர்கள் ‘எத்தா சிவில்’ என்று சொல்கிற பழைய பிறப்பு, திருமணப் பதிவேடுகளின் நகல்களுக்கு அதனால்தான் அவ்வளவு கிராக்கி.

தந்தை வழியைப் பிடித்துக்கொண்டது பிரான்ஸோடு போட்ட ஒப்பந்தம் மட்டுமல்ல. இந்தியாவின் 1955 குடியுரிமைச் சட்டமும், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை இந்தியராக இருந்தால் மட்டுமே வம்சாவளிக் குடியுரிமை தந்தது. சிங்கப்பூரிலோ மலேயாவிலோ அந்நாட்டவரை மணந்த தமிழ்ப்பெண்ணின் குழந்தைக்குத் தாய்வழியில் அந்த உரிமை இல்லை. 1992 டிசம்பர் 10 முதல்தான் ‘தந்தை அல்லது தாய்’ என்றானது. இலங்கையின் 1948 சட்டம் இன்னும் கடுமை: அது நடைமுறைக்கு வருமுன் இலங்கையில் பிறந்தவர், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும். பதிவேடு இல்லாத மலையகத் தோட்டத் தொழிலாளி எதைக் காட்டுவார்? அங்கே தாய்வழியும் ஏற்கப்பட்டது 2003இல். பிரான்ஸ் 1973இலேயே தாயையும் தந்தையையும் சமமாக வைத்துவிட்டது. மலேசியத் தாய் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்கு அதே உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை அந்நாட்டு மக்களவை நிறைவேற்றியது 2024 அக்டோபரில்.

தாய்வழி திறந்த அதே காலத்தில் இந்தியாவில் இன்னொரு கதவு சாத்தப்பட்டது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தாலே போதும். பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வி பெரும்பாலும் எழவில்லை. மண்டபம் முகாமில் இலங்கை அகதிகளுக்கு 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது: மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது.

இந்த ஒரு வரியின் எடை செங்கல்பட்டு அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் தெரியும். இரண்டு குழந்தைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இருவரின் தாயும் அச்சரப்பாக்கத்துப் பெண்கள். ஒருத்தியின் கணவர் பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் செல்லுபடியாகும் விசாவும் உள்ள புதுச்சேரிக்காரர். குழந்தை பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பின்னாளில் அதற்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்தால்தான் இரட்டைக் குடியுரிமை கூடாதென்ற விதியும் ஓசிஐ அட்டையும் பேச்சுக்கு வரும். மற்றவளின் கணவர் போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்து, மறுவாழ்வு முகாமில் வளர்ந்தவர். அந்தக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். தாய் இந்தியராக இருந்தும், பிறப்பால் வரும் குடியுரிமை கிடைக்காது. 1962இல் தந்தையின் கையெழுத்தைக் கேட்டார்கள். இப்போது அவர் எப்படி வந்து இறங்கினார் என்று கேட்கிறார்கள்.