கறுப்பு மணலும் வெள்ளைப் பொடியும்

கல்முனைக் கடைத்தெருவிலே பெருநாட் காலத்தில் மகளிர் விரும்பி வாங்கும் முகப்பொடிக்கு வெண்மை எங்கிருந்து வருகின்றது? அதனை அறியக் கடற்கரைக்கே செல்லல் வேண்டும். தெற்கே திருக்கோவிற் கரையிலும், வடக்கே தொலைவிலுள்ள புல்மோட்டையிலும் அலை ஒதுக்கும் கறுப்பு மணலில் இல்மனைட்டு என்னும் கனிமம் உண்டு. அதனுள் உறைவது தைத்தேனியம். புல்மோட்டை மணலுக்கெனவே இலங்கை அரசாங்கம் 1957 இல் ஒரு கூட்டுத்தாபனத்தை நிறுவிற்று. கறுப்பாய்க் கப்பலேறும் சரக்கின் இனம் வெள்ளையாய்ச் சிமிழில் அடைபட்டுத் திரும்புவது வியப்பன்றோ!

இவ்வுலோகத்தின் சுவடு முதன்முதல் தென்பட்டதும் கறுப்பு மணலிலேதான். 1791 இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகர் என்னும் பாதிரியார் அதனைக் கண்டார். எனினும் அதன் ஈரொட்சைட்டு வெண்ணிறப் பொருளாக ஆலைகளில் உருவாகத் தொடங்கியது 1916 அளவில், நோர்வேயிலும் அமெரிக்காவிலும் ஆகும். அதற்கு முன்னர் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பியச் சீமாட்டிகள் முகத்திற் பூசியது ஈயவெள்ளை. அது அழகைத் தந்து உடலை அரித்த நஞ்சு. கட்டடங்களின் உட்புறத்தில் ஈயவெள்ளை பூசுவதைக் கட்டுப்படுத்தச் சர்வதேசத் தொழில் தாபனம் 1921 இல் உடன்படிக்கை செய்தது. (கண்ணுக்கிடும் சுர்மாவிற் சிலவகை இன்றும் ஈயக் கனிமத்தை அரைத்துச் செய்யப்படுவதே.) ஈயம் விட்ட இடத்தைத் தைத்தேனிய வெள்ளை பற்றிக்கொண்டது.

அதுவும் ஐயத்துக்குத் தப்பவில்லை. எலிகள் அதன் நுண்தூளை மிகுதியாகச் சுவாசித்தபோது நுரையீரலிற் கட்டிகள் தோன்றின. அதனால் 2006 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அதனை, மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என்ற வகுப்பிற் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2020 இல் ஒத்ததொரு வகைப்பாட்டைச் செய்தது; அதனை 2022 இல் ஒன்றியத்தின் நீதிமன்றமே தள்ளுபடி செய்தது; மேன்முறையீட்டிலும் 2025 இல் அத்தீர்ப்பே நிலைத்தது. இவ்வழக்காட்டம் முழுதும் மூச்சைப் பற்றியதேயன்றித் தோலைப் பற்றியதன்று. புண்ணற்ற தோலை அத்தூள் ஊடுருவுவதாகச் சான்றில்லை. களிம்பிற் குழைந்திருப்பது வேறு, காற்றிற் பறப்பது வேறு. இவ்வேறுபாட்டை அறியாது அஞ்சுவோரும் உளர், அஞ்சாதோரும் உளர்.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் ஒப்பனைப் பொருட்களையும் மருந்துகளையும் ஒருங்கே கட்டுப்படுத்திற்று. 2015 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் அதனை நீக்கிற்று. புதிய சட்டத்தின் பெயரில் மருந்து இருக்கின்றது. ஒப்பனைப் பொருள் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 இல் உதிரி முகப்பொடிக்கு நூற்றுக்கு 25 பங்கு என எல்லை வகுத்தது. கூந்தலுக்குத் தெளிக்கும் பொருளிலோ, பாவனையாளருக்கு 1.4 பங்கும், அதனையே தொழிலாகக் கொண்டோருக்கு அதனினும் குறைவாக 1.1 பங்கும் எனப் பிரித்தது. காரணம் எளிது. மணமகள் ஒருநாள் ஒப்பனை செய்துகொள்கின்றாள். அவளை அலங்கரிப்பவளோ கலியாணக் காலம் முழுவதும், வீடு வீடாகச் சென்று, கதவடைத்த அறையில் அத்தூளைச் சுவாசிக்கின்றாள்.